துபாஷி அங்கிளின் பிரசங்கங்கள்

எங்கள் துபாஷி அங்கிள் மொழிபெயர்த்த அளவுக்கு நல்ல பிரசங்கத்தை உலகத்தில் எந்தப் போதகரும் செய்ததில்லை. அவர் யாருடைய பிரசங்கத்தை மொழிபெயர்த்தாரோ, அந்தப் போதகரும் இதில் அடக்கம்.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுக்கும் ஒரு கம்பனியில் அவருக்கு வேலை. கப்பலில் ஏறி, கப்பித்தானுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கரையில் நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத் துறைமுகத்தில் துபாஷி என்று பெயர். கப்பித்தான் திட்டுவதை அப்படியே கரைக்குச் சொன்னால் மரக்கறி வராது. கரை திட்டுவதைக் கப்பித்தானுக்குச் சொன்னால் அடுத்த ஓடர் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சீனி போட்டுக் கொடுத்தே பழகிய மனிதர். அவருடைய சொந்தப் பெயர் மனைவி றோஸ் அன்ரிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர் அவர். றோஸ் அன்ரி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த லூதரன். பெண் கேட்கப் போன இடத்தில், "பிள்ளைய குடுங்க, என்ட ஞாயிற்றுக்கிழமைய நான் குடுக்கிறேன்" என்று மாமனாரிடம் சொல்லி எங்கள் சபைக்கு வந்து சேர்ந்தார்.

சபை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வெள்ளவத்தையில் லூதரன் என்று சொன்னால், "அது என்ன, இன்சூரன்ஸ் கம்பனியா?" என்று கேட்பார்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஓய்வு பெற்ற தாதி ஒருவர் தன் வீட்டு முன்ஹோலை ஞாயிறு காலைகளில் எங்களுக்குத் தந்திருந்தார். அவரை நாங்கள் நேர்ஸ் அக்கா என்போம். ஒரு சின்னப் பொய்க்கே முகத்தைச் சுளிப்பவர். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது போதகர் ஆசீர்வாதத்தைக்கூட நிறுத்தி வைத்துவிட்டு, அது போன பிறகுதான் தொடருவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பம்பலப்பிட்டிக் கந்தோர் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்த நான், பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்ததால், பாட்டுச் சத்தம் கேட்டு அங்கே போனவள். பிறகு திரும்பி வரவில்லை.

முதல் முதலாக அங்கிள் மொழிபெயர்த்து நான் கேட்டது நோர்வேயிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பேச்சை. விசுவாசம் என்பது உறைந்த ஏரியில் நடப்பது போன்றது என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். கால் வைத்துப் பார்த்தால்தான் பனிக்கட்டி தாங்கும் என்று தெரியுமாம். அங்கிள் சபையை ஒருமுறை பார்த்தார். மீன் கடைக்கு வெளியே பனிக்கட்டியைக் கண்டவர் யாரும் அங்கே இல்லை.

"விசுவாசம் எண்டா ஓடுற பஸ்ஸில ஏறுற மாதிரி எண்டு அம்மா சொல்றாங்க. கால வச்சாத்தான் தெரியும். ஆனா வச்சா, உள்ள இருக்கிற ஒருத்தர் கைய நீட்டி இழுத்துக்கொள்ளுவார். விடவே மாட்டார்" என்றார் அங்கிள்.

சபை முழுவதும் தலையாட்டியது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "நான் பஸ் என்று சொன்னேனா?" என்று கேட்டார்.

"ஏரிக்குத் தமிழில அப்படித்தான் மேடம்" என்றார் அங்கிள், நல்ல ஆங்கிலத்தில்.

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் தமிழர் நாலு பேர் சேர்ந்து நின்றாலே பொலிஸ் வந்து கேட்கும். எங்கள் சபைக்கும் வந்தது. அன்று சீர்திருத்தத் திருநாள். லூதரன்களுக்கு அது பெரிய நாள். பதுளைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளம் போதகர் கிறிஸ்தவனின் விடுதலை என்ற தலைப்பில் முழங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் தமிழே தெரியாத பொலிஸ்காரருக்கும் தெரிந்திருந்த ஒரே தமிழ்ச் சொல் விடுதலை. போதகர் அதை மூச்சுக்கு மூச்சு சொன்னார்.

வாசலில் ஒரு சார்ஜன்ட் வந்து நின்றார். பின்னால் இரண்டு கொன்ஸ்தாபிள்மார். போதகர் கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கிப்பவர். அவர் எதையும் காணவில்லை. அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள்கூட அங்கே இருந்தார்கள்.

"மொகத மே மனுஸ்ஸயா கியன்னே?" என்றார் சார்ஜன்ட். இந்த மனுசன் என்ன சொல்கிறான் என்று கேட்கிறார். அங்கிள் எழுந்து போய், தன் கதிரையை அவருக்குக் கொடுத்து, பக்கத்தில் குனிந்து நின்று காதுக்குள் சிங்களத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். முன்னால் போதகர் எகிப்தின் அடிமைத்தனத்தை உடைத்துக்கொண்டிருக்க, பின்னால் அங்கிளின் சிங்களப் பிரசங்கத்தில் கணவன்மார் வேலை முடிந்து வந்ததும் மனைவிக்குத் தேங்காய் துருவிக் கொடுக்க வேண்டும் என்று வேதம் சொல்லிக்கொண்டிருந்தது. போதகர் மேசையில் குத்திய இடங்களில் அங்கிளும் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். சமையல்கட்டில் அடைபட்டிருப்பவளுக்கு விடுதலை கொடு என்ற இடத்தில் சார்ஜன்டின் தலை தானாகக் குனிந்தது.

அவர் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். போதகர் கண்ணைத் திறந்தபோது காக்கி உடுப்பு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. நடந்ததை நாங்கள் சொன்னதும் அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்கிள், நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது அவர்கிட்ட சொன்னீங்களா?"

"விடுதலை எண்ட அந்தச் சொல்ல மட்டும் விடவே இல்ல ஐயா. அதச் சொல்லாம எப்பிடி?"

அடுத்த ஞாயிறு சார்ஜன்ட் மறுபடியும் வந்தார், சிவில் உடுப்பில், மனைவியையும் கூட்டிக்கொண்டு. போன கிழமை சொன்னதை இவளுக்கும் ஒருக்கால் சொல்லச் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்புகிறாள் இல்லை என்று அங்கிளிடம் கேட்டார். அன்று போதகர் ஊதாரி மைந்தனைப் பற்றிப் பேசினார். சார்ஜன்டின் மனைவி தேங்காய் துருவுவதைப் பற்றிக் கேட்டுவிட்டு மிகுந்த திருப்தியோடு போனார். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் எங்களை ஒருவரும் தொந்தரவு செய்யவில்லை.

தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. கனடாவுக்கும் லண்டனுக்கும் ஒவ்வொரு குடும்பமாகப் போய், ஹோலில் ஆட்களைவிடக் கதிரைகள் அதிகமாகிவிட்டன. எங்களுக்கு உதவி செய்துவந்த வெளிநாட்டுத் திருச்சபையிலிருந்து உயரமான ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆராதனை முடிந்ததும் முன்னால் நின்று, கையிலிருந்த கைக்குட்டையை மடித்தபடி மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் பேசினார். இவ்வளவு காலமும் இங்கே நடந்த ஊழியத்துக்காகக் கடவுளுக்கு நன்றி. இனி இந்தச் சபையை மூடிவிட்டு நீங்கள் வேறு சபைகளில் சேர்ந்துகொள்வதுதான் நல்லது. இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு.

அங்கிள் எங்கள் பக்கம் திரும்பினார். வெறும் கதிரைகளை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா சொல்றார், ஆக்கள் குறைஞ்சதப் பத்திக் கவலைப்பட வேணாமாம். இந்தச் சபைய தொடர்ந்து நடத்தட்டாம். நீங்க இருக்கிற வரைக்கும் தாங்களும் இருப்பாங்களாம். அதச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தாராம்."

எனக்கு ஆங்கிலம் விளங்கும். போதகருக்கும் விளங்கும். நேர்ஸ் அக்காவுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாக விளங்கும். நான் பயந்துபோய் அவரைத்தான் பார்த்தேன். அவர் முகம் அசையவில்லை. மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாகக் கை தட்டினார்.

அதன் பிறகு ஹோலே எழுந்து நின்றது. றோஸ் அன்ரி அழுதுகொண்டே போய் அந்தப் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். யாரோ நன்றிப் பாட்டைத் தொடங்கினார்கள். சபையை மூடச் சொன்ன இடத்தில் இப்படி ஒரு வரவேற்பை அவர் எங்குமே கண்டிருக்கமாட்டார்.

"இவர்கள் ஏன் சந்தோஷப்படுகிறார்கள்?" என்று அங்கிளிடம் கேட்டார்.

"கடவுள் தந்தார், கடவுள் எடுக்கிறார், உங்களில் எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொல்கிறார்கள் சேர்" என்றார் அங்கிள்.

பெரியவர் கைக்குட்டையை விரித்துக் கண்ணைத் துடைத்தார். தேநீரைக்கூடக் குடிக்காமல் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊருக்குப் போன பிறகு அவரிடமிருந்து போதகருக்குத் தொலைபேசி வந்தது. அப்படிப்பட்ட ஜனத்தின் கதவை மூடத் தனக்கு மனம் வரவில்லை என்றாராம். அங்கிளிடம் போதகர் இதைச் சொன்னபோது, "நான் அண்டைக்கே சொன்னனே ஐயா" என்று மட்டும் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து அங்கிளுக்கு வயிற்றில் வருத்தம். களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போயிருந்த நேரம் இளம் டொக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து, முடிவுகளைச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். நோய் பரவிவிட்டது, இனி வெட்டிப் பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அங்கிள் கவனமாகக் கேட்டு, நன்றி சொல்லி அனுப்பினார்.

"என்னவாங்க?" என்று றோஸ் அன்ரி கேட்டார்.

"ஒண்ணுமில்லயாம். வீட்ட போகட்டாம். மீன் சாப்பிடலாமாம். பொரிச்சுக் குடுத்தா நல்லதாம்."

"சரிங்க" என்றார் அன்ரி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அன்ரிதான் பேசினார். "கல்யாணம் கட்டி வந்த நாள்லேர்ந்து கொட்டாஞ்சேனை மார்க்கட்டுல சிங்களத்துலதான் பேரம் பேசுறேன். எனக்கு விளங்காதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. அது அப்படியே இருக்கட்டும், நீங்க சொல்லிடாதீங்க." அதன் பிறகு கடைசி நாள் வரைக்கும் அந்த வீட்டில் மீன் பொரிந்தது.

இப்போது சபைக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. தோட்டப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகளால் கதிரைகள் நிறைந்துவிட்டன. இப்போதைய போதகருக்கு மூன்று மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொல்வதெல்லாம் எல்லோருக்கும் சொன்னபடியே விளங்குகிறது. பிரசங்கம் நீளும் நாட்களில், அங்கிள் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று மனதுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கு வருவதில்லை.