வாசல் இல்லாத வேலி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்தேன். சுனாமி அள்ளிக்கொண்டு போனது. அதே இடத்தில் இரண்டு தட்டாக எழுப்பினேன். நெல் மில் போட்டேன். 'இவனால் ஏலாது' என்றவர்கள் இன்று என்னிடம்தான் சீமெந்து வாங்குகிறார்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: கட்டுவது என்றால் என்னவென்று இந்தக் கரையில் அறிந்தவர் ஒருவர்தான். கட்டுக்கம்பிக் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம்.

கொங்கிறீட்டுக்கு இரும்பு கட்டுகிற மெல்லிய கம்பிதான் அவருக்கு ஊசி, நூல், ஆணி, பசை எல்லாம். மூக்குக்கண்ணாடிக் கால், செருப்பு வார், சட்டிப் பிடி, எது ஆடினாலும் குறட்டால் ஒரு முறுக்கு. ஒரு கல்யாண வீட்டில் மணமகளின் தங்க மாலைக் கொளுவி உடைய, ஓடிப்போய்க் கட்டினார். கழற்ற நகைக்கடைக்காரர் வரவேண்டியதாயிற்று.

"கட்டுறதுதான் என்ட வேல. அவிழ்க்கிறது எனக்கென்னத்துக்கு?" என்றார் காக்கா.

போன போகம் இறக்காமத்தில் என் வயல் விளைந்து நின்றது. பக்கத்து வயல்களில் யானை இறங்கிவிட்டது. வெட்டு மெசின் வரும்வரை கதிரைக் காக்க வேண்டும். கடையிலிருந்த முள்ளுக்கம்பி முழுவதையும் லொறியில் ஏற்றிக் காக்காவிடம் கொடுத்தேன்.

"கவலய விடுங்க ஹாஜியார். எலியும் உள்ளுக்குப் போகாது."

வரம்பைச் சுற்றிக் கோட்டை மாதிரிக் கட்டி முடித்தார். மெசினும் வந்தது. டிரைவர் வேலியை ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்றும் சுற்றினான்.

"முதலாளி, வாசல் எங்க?"

காக்கா வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யா அல்லாஹ்! மறந்திட்டன் ஹாஜியார்."

குறட்டை எடுத்து முறுக்கினார். அவர் கட்டு அவருக்கே அசையவில்லை.

"வெட்டுங்க காக்கா!"

"நல்ல கட்டு ஹாஜியார், வெட்ட மனம் வருகுதில்ல. கொஞ்சம் பொறுங்க, அவிழ்த்துத் தாறன்."

டிரைவர் பொறுக்கவில்லை. அட்டாளைச்சேனையில் வேறு வயல் காத்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டான்.

யானைகள் வாசல் கேட்கவில்லை. விடிந்து போனால் வேலி தூண்களோடு சாய்ந்து கிடந்தது. கதிர் நின்ற இடமெல்லாம் சேறு. காக்கா சேற்றுக்குள் இறங்கி, விழுந்த கம்பியைத் தடவிப் பார்த்தார்.

"கட்டு ஒண்டும் அவிழல்ல ஹாஜியார்," என்றார், அழுதுகொண்டு.

அதோடு சந்தையில் எல்லாரும் காக்காவைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். "காக்கா, உங்கட ஊட்டுக்காவது வாசல் இரிக்கா?" ஒருநாள் குறட்டை என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுகா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. கடையில் நான் உட்காருகிற நல்ல கதிரையின் காலை நானே ஆட்டிவிட்டு, வந்து கட்டித்தரச் சொல்லி ஆள் அனுப்பினேன். "புதுசு வாங்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

வயல் தரிசாகக் கிடக்கிறது. விதைக்க மனமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வேலியின் கம்பி என்னுடையது. நிலம் என்னுடையது. சுற்றிவந்து பார்த்து 'மாஷா அல்லாஹ்' சொன்னவனும் நான்தான். காக்காவின் பெயரை மட்டும் சொல்லிச் சிரிப்பது நியாயமில்லை. சிரிக்கிறவர்கள் என் பெயரையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்க வேண்டும்.