சம்பந்தி அவர்களுக்கு: அது தரகு மையம் அல்ல, தரவு மையம்

ஹேவாஹெட்ட,
மாசி மாதம், வெயில் கொளுத்தும் ஒரு திங்கட்கிழமை.

கெலிஓயாவில் இரும்புக்கடை நடத்திவரும், என் பெருமதிப்புக்குரிய சம்பந்தி வீரையா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மருதமுத்து பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் துணைவி இராஜேஸ்வரியும், தங்கள் மருமகளாகிய எங்கள் மகள் சிந்துஜாவும், எங்கள் மருமகனாகிய தங்கள் புத்திரன் திவாகரனும் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாவும், கடையும், கடைவாசலில் படுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை உள்ளே விடாத அந்த நாயும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் புத்திரனைப் பற்றி ஒரு முறைப்பாடு செய்யத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு அது முறைப்பாடா, பாராட்டா என்று எனக்கே குழம்பிவிட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பைத் தாங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேலே மூடிக்கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலை தங்களுக்கு ஞாபகமிருக்கும். கலியாணத்துக்கு வந்த இடத்தில், தாலி கட்டுகிற நேரம்கூட தாங்கள் ஜன்னல் வழியாக அதன் கூரைத்தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கட்டடத்தில் கொழும்புக் கம்பனி ஒன்று தரவு மையம் அமைக்கப் போவதாகத் தை மாதம் செய்தி வந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் சொல்லிக்கொண்டே போனதில், மேல் லயத்துக்குப் போய்ச் சேரும்போது அது தரகு மையம் ஆகிவிட்டது. மறுநாள் காலையிலேயே ஐந்தாறு பேர் பிள்ளைகளின் ஜாதகத்தோடு என் வாசலில் நிற்கிறார்கள். "வாத்தியாரே, கம்ப்யூட்டர்லயே மாப்பிள்ள பார்த்துக் குடுப்பாங்களாமே, கொஞ்சம் சொல்லி வைங்க" என்கிறார்கள். தரகு வேறு, தரவு வேறு என்று முப்பது வருடம் பாடம் நடத்திய தொண்டையால் விளக்கினேன். "சரிங்க வாத்தியாரே, வேறதான். ஆனா ஜாதகத்த வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

உண்மையில் அது என்னதான் செய்யும் என்று தங்கள் புத்திரனைக் கேட்டோம். அவர் கண்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதாகச் சொன்னாலும், பாதி நாள் என் மேசையில், என் கதிரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "மாமா, செயற்கை நுண்ணறிவுன்னு சொல்றோமே, அதுக்கு மூளை வைக்கிற இடம்தான் இது. உலகத்துல யார் என்ன கேட்டாலும் அது பதில் சொல்லும். சொல்லச் சொல்ல மெஷின் சூடாகும். சூட்டைத் தணிக்கத் தண்ணி வேணும்" என்றார். இராஜேஸ்வரி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "பதில் சொல்றதுக்கா தண்ணி? இவரு முப்பது வருசமா பதில் சொன்னாரு, பிளேன்டீ ஒண்ணுதானே கேட்டாரு" என்றாள். சிரித்தோம். ஆனால் சம்பந்தி, அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று விசாரித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தொழிற்சாலைக்குப் பின்னால் மலையில் ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து தண்ணீர் ஒரு திறந்த தாங்கிக்கு வந்து, தாங்கியிலிருந்துதான் மூன்று லயத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் குழாய். மாசி பங்குனியில் அதுவே நூல் மாதிரி ஒழுகும். பெண்கள் கொழுந்து மலையிலிருந்து வந்த கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அதையும் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் என்னத்தைக் குடிப்பது?

தண்ணீர்ச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஆகவே ஆட்சேபனைக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் விடவில்லை. கடவுள் வாழ்த்தில் தொடங்கி, மலைவளம், மழைவளம், ஊற்று வரலாறு என்று எழுதி, கம்பனி என்ற சொல் வருவதற்குள் எட்டுப் பக்கம் முடிந்துவிட்டது. அந்த நேரம் தங்கள் புத்திரன் எட்டிப் பார்த்து, "மாமா, இத அவங்க வாசிக்க மாட்டாங்க. நான் போன்ல சொன்னா அதுவே எழுதிடும்" என்றார். செயற்கை நுண்ணறிவை எதிர்க்கும் கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவே எழுதுவதா என்று கேட்டேன். "அதுக்கு அதெல்லாம் கோவம் வராது மாமா" என்றார். எனக்கு அதன் தமிழில் ஏற்கனவே நம்பிக்கை இல்லை. என்னிடம் பிரத்தியேக வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை 'எனது செல்லப்பிராணி' என்று கட்டுரை எழுதிக்கொண்டு வந்தது. முதல் வரியே, 'ஒரு செயற்கை நுண்ணறிவு என்ற வகையில் எனக்குச் செல்லப்பிராணி எதுவும் இல்லை' என்று இருந்தது. ஆனால் சங்கத்து ஆட்கள் எல்லோரும் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நான் தும்மி முடிப்பதற்குள் அது தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் கடிதம் எழுதி, அனுப்பியும் முடித்துவிட்டது.

இனித்தான் சம்பந்தி முறைப்பாடே வருது. தங்கள் புத்திரன் அந்த போனுக்கு ரெண்டு கட்டளை போட்டிருக்காரு. ஒண்ணு, சண்டை பிடிக்காம மரியாதையா எழுது. ரெண்டாவது, பதில் வந்தா என்னைத் தொந்தரவு பண்ணாம நீயே பதில் போடு. போட்டுட்டு அவர் பாட்டுக்கு மறந்துட்டார். அந்தப் பக்கம் கம்பனியிலயும் யாரும் உக்காந்து எழுதல, அங்கயும் ஒரு மெஷின்தான். ரெண்டும் ஒண்ணையொண்ணு மரியாதை பண்ண ஆரம்பிச்சிருச்சு. 'தங்கள் ஆட்சேபனையின் நயம் எங்களை நெகிழ வைத்தது' என்று அது எழுத, 'தங்கள் நெகிழ்ச்சி எங்களை நெகிழ வைத்தது' என்று இது எழுத, கலியாணம் பேசுற வீட்டுக்காரங்க மாதிரி ரெண்டும் குழைஞ்சிருக்குதுகள். கடைசியில எங்க மெஷின், 'எமது ஊற்றைத் தாங்கள் நேரில் கண்டு களிக்க வேண்டும், பகல் விருந்து எமது தலைவர் இல்லத்தில்' என்று எழுதி ஞாயிற்றுக்கிழமையும் குறிச்சுக் குடுத்திருச்சு. தலைவர் நான். இல்லம் இது. எனக்கோ ஒண்ணுமே தெரியாது.

ரெண்டு வாரத்துக்கு முன்னால, அந்த ஞாயிறு காலையில் நான் பனியனோட முற்றத்துல உக்காந்து நகம் வெட்டிக்கிட்டிருக்கேன், வாசல்ல ஒரு வேன் வந்து நிக்குது. அதுலயிருந்து பழக்கூடையும் பூங்கொத்துமா ஒரு தம்பி இறங்குறார். ருஷ்தின்னு பேர், அக்குறணைப் பக்கமாம், கம்பனியில பெரிய அதிகாரி. பின்னால நாலஞ்சு இன்ஜினியர்மார். நேரா வந்து என் கையைப் பிடிச்சு, "சேர், நீங்க அனுப்பின கடிதத்த எங்கட ஒபிஸ்ல எல்லாருக்கும் வாசிச்சிக் காட்டினோம். என்ன அழகான தமிழ்!" என்றார். பொய் சொல்லக்கூடாது, அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள்ள குளிர்ந்துபோச்சு. எட்டுப் பக்கத்தையும் யாரோ அனுப்பிட்டாங்கன்னு நினைச்சு, "ஊற்று வரலாறு பிடிச்சிருந்ததா?" என்றுகூட கேட்டுட்டேன். அவர் காட்டின தாள்ல பார்த்தா ஒரே நெகிழ்ச்சி! திரும்பிப் பார்த்தேன், தங்கள் புத்திரன் அலுமாரிக்குப் பின்னால நிக்கிறாரு. இராஜேஸ்வரி கரண்டியோட வந்து, "விருந்தா? இத்தன பேருக்கா? குழாயில தண்ணியே வரல, நான் எதுல சோறாக்குறது?" என்று கேட்ட கேள்விக்கு எந்த மெஷினும் பதில் சொல்லல.

அந்த நேரம் பார்த்து எங்க ஆட்கள் எதிர்ப்பு ஊர்வலத்துக்கு வந்து சேர்ந்தாங்க. அதுவும் அதே ஞாயிறுதான். கண்டியில அச்சடிச்ச பெரிய பதாகை ஒண்ணு. அதுல உள்ள படத்தையும் தங்கள் புத்திரனோட போன்தான் வரைஞ்சிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி கண்ணீரோட நிக்கிறா, நல்ல படந்தான், ஆனா விரிச்சுப் பார்த்தா அவளுக்கு மூணு கை. கோஷம் போட வந்த பெண்கள் அதப் பார்த்துட்டு சிரிக்கிறாங்க பாருங்க, தரையில உக்காந்துட்டாங்க. "மூணு கை இருந்தா முழுநாள் சம்பளத்துக்குப் பேரு போட இன்னும் பத்துக் கிலோ கொழுந்து கேப்பானுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, கம்பனிக்காரங்களும் சேர்ந்து சிரிச்சுட்டாங்க. எதிர்ப்பு எப்படி நடக்கும் சொல்லுங்க?

இராஜேஸ்வரிதான் சிரிக்காம நின்னா. "தம்பி, நீங்க தண்ணி எடுக்கப் போற இடத்தப் பார்த்திருக்கீங்களா?" என்று ருஷ்தியக் கேட்டா. "தேவையில்ல உம்மா, செட்டலைட் படத்த வெச்சி கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துட்டுது. தாங்கி எந்த நாளும் நிரம்பித்தான் ஈக்கிது" என்றார் அவர். "அப்ப நிரம்பின தாங்கிய எனக்கும் ஒருக்கா காட்டுங்க, நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிட்டு அவ முன்னால நடக்க, ஊரே பின்னால ஏறுது. ருஷ்தி தம்பி போனைத் தூக்கிப் பிடிச்சு, மலை, தேயிலை, சனம் எல்லாத்தையும் வீடியோ எடுத்துக்கிட்டே பின்பக்கமா நடக்கிறார். "தம்பி, பின்னால தாங்கி!" என்று மொத்தச் சங்கமும் கத்துது. அவர் அத கோஷம்னு நினைச்சு எங்களுக்குக் கை காட்டுறார். காட்டின கையோட ஆளைக் காணோம்!

ஐயோ சம்பந்தி! ஆழமான தாங்கி அது. நல்ல காலம், அடியில சேறு மெத்தை மாதிரி கிடந்தது. எட்டிப் பார்த்தா ஆள் சேத்துல உக்காந்திருக்கார், தலையிலருந்து கால்வரைக்கும் சேறு, ஆனா தண்ணின்னு நனைஞ்சது சப்பாத்து மட்டும். எல்லாரும் ஏணி, கயிறுன்னு கத்திக்கிட்டு ஓடுறாங்க. தங்கள் புத்திரன் சட்டையக்கூட கழட்டாம உள்ளே குதிச்சார், குதிச்சு அந்த ஆளைத் தோள்ல ஏத்தி மேல குடுத்தார். முழங்கை ரெண்டும் உரிஞ்சுபோச்சு. நான் அவரை அதுக்கு முன்னால அப்படிப் பார்த்ததில்ல. கதிரையில உக்காந்துதான் பார்த்திருக்கேன்.

இப்ப அதிகாரியக் குளிப்பாட்டணும். தண்ணி? கோஷம் போட வந்த பெண்களே லயத்துக்கு ஓடி, சமையலுக்கு மூடி வச்சிருந்ததுல வீட்டுக்கொரு செம்பு கொண்டு வந்தாங்க. செம்பு செம்பா ஊத்த ஊத்த, அந்தத் தம்பி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "உம்மா, இது நீங்க குடிக்க வெச்ச தண்ணியா?" என்று கேட்டார். "பரவாயில்ல, காதுக்குப் பின்னால சேறு இருக்கு, திரும்புங்க" என்றா இராஜேஸ்வரி. கழுவின காற்சட்டை காயிறவரைக்கும் என் சாரத்தைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுல உக்காந்திருந்தார், எங்கயும் ஓட முடியாது. எனக்கு இத விட்டா வேற சந்தர்ப்பம் வருமா? எட்டுப் பக்கத்தையும் எடுத்தேன், கடவுள் வாழ்த்திலயிருந்து ராகத்தோட வாசிச்சேன். ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டுக்கிட்டே முழுசையும் கேட்டார் மனுசன். இன்ஜினியர்மாருக்குத் திவாகரன் சிங்களத்துல பக்கத்துலயிருந்து சொல்லிக்கிட்டே வந்தார், எந்த மெஷினும் இல்லாம, அத்தனை அழகா! ஊற்று வரலாற்றுல நான் நிறுத்திக் கண்ணைத் துடைச்ச இடத்துல திவாகரனும் நிறுத்திட்டு மூக்கை உறிஞ்சினார்.

கொழும்புலயிருந்து மேலதிகாரி போன் எடுத்து, கம்ப்யூட்டர்ல தாங்கி நிரம்பித்தானே காட்டுதுன்னு கேட்டிருக்கார். "சேர், நான் அந்தத் தாங்கிக்குள்ள விழுந்தேன். நீச்சல் தெரியாத நான் இன்னும் உயிரோட ஈக்கிறேன். அறிக்கைய நானே கையால எழுதுறேன்" என்றாராம் ருஷ்தி. நேற்று அறிவித்தல் வந்துவிட்டது. ஹேவாஹெட்டத் திட்டம் கைவிடப்பட்டது! லயமே வெடி கொளுத்தியது. திவாகரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், நானும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன். ஆகவே சம்பந்தி, முறைப்பாட்டை வாபஸ் வாங்குகிறேன். தங்கள் வளர்ப்பில் குறையில்லை. கதிரையையும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

தங்கள் குடும்பமும் வியாபாரமும் மென்மேலும் தழைக்க எல்லாம் வல்ல முருகன் துணையிருப்பான். சம்பந்தியம்மாவுக்கு இராஜேஸ்வரியின் அன்பைச் சொல்லவும். சிந்துஜா தனியாகப் பேசுவாள். இனி எந்தக் கவலையும் இல்லாமல் நிம்மதியாக உறங்குங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி,
மருதமுத்து

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும் நேரம் ருஷ்தி தம்பி போனில் பேசினார். கம்பனிக்கு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டதாம், ஆற்றோரமாம், தண்ணீருக்குப் பஞ்சமே இல்லையாம். சந்தோஷத்தில் நானும் வாழ்த்துச் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்ட விலாசத்தை நிதானமாக வாசித்துப் பார்த்தேன். அது தங்கள் கடையின் பின்சுவரை ஒட்டிய காணி. பேச்சோடு பேச்சாக, கெலிஓயாவில் ஊர்ப்பெரியவர் யாராவது தெரியுமா என்று கேட்டிருந்தார், தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். தாங்கள் திட்டத்துக்கு மிக ஆதரவு என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடிக்கல் நாட்ட வெள்ளிக்கிழமை வருகிறார்கள். கடிதம் அதற்கு முன் வந்து சேர்ந்தால் நாயைக் கட்டி வைக்கவும். அல்லது, தாங்கள் பார்த்து, அவிழ்த்தே விடவும்.