மூக்கு இலாகா

"இன்னும் நாறுது" என்றாள் மனைவி, கண்ணைக்கூடத் திறக்காமல்.

பாலிஷ்காரர் சோப்புத் தண்ணீர் சொட்டும் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். டேங்கைத் துடைத்தாயிற்று, டியூபைத் துடைத்தாயிற்று, மூடியைத் திருகித் திருகி விரல் கன்றிப்போயிற்று. இதற்கு மேல் துடைக்க வண்டியில் இடமில்லை.

"எங்கேருந்து வருதுன்னாவது சொல்லேன்."

"வண்டியிலேருந்துதான். வேற எங்கேருந்து வரும்?"

வண்டி நின்றது முன்னறையில். முன்னறை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, செருப்பு வைக்க ஒரு பலகை, அவ்வளவுதான் அது தாங்கும். அதற்குள் ஒரு சைக்கிள். அதுவும் வெறும் சைக்கிள் இல்லை. பெடல்களுக்கு நடுவில் ஒரு சொம்பு அளவுக்கு பெட்ரோல் எஞ்சின், மேலே கம்பியில் ஒரு குட்டி டேங்க். நாலு மிதி மிதித்துக் கிளப்பிவிட்டால் போதும், ஏற்றத்தில் அதுவே இழுத்துக்கொண்டு போகும்.

வெளியே நிறுத்தித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போன சைக்கிளை அப்படித்தான் மாடிப்படிக்குக் கீழே சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தார். காலையில் சங்கிலி மட்டும் இருந்தது. திருடன் ஒழுங்கானவன், பூட்டை மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தான்.

வண்டியே வேண்டாமென்று தலைமுழுகவும் வழியில்லை. கட்டில், பீரோ, மேஜைகளுக்கு வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்குகிற வேலை அவருக்கு. வாடகை குறைச்சல் என்று முதலாளி பட்டறையைக் குன்றின் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். பஸ்ஸில் போனால் வழியில் மாற வேண்டும், மாறுகிற பஸ் எப்போது வரும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. மிதித்துப் போகலாமென்றால் மூட்டு இரண்டும் எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டன. நேரம் தவறினால் முதலாளி திட்ட மாட்டார். "முடியலேன்னா சொல்லிடுங்க, சின்ன வயசுப் பசங்க நிறையப் பேரு கேட்டுட்டிருக்காங்க" என்பார், ரொம்ப மரியாதையாக. அதனால்தான் மழை விட்டதும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு இந்த வண்டியை வாங்கினார். வண்டி போனால் வேலையும் போகும்.

ஆக, நாற்றத்தை ஒழித்தே தீர வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல். நாற்றம் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது.

இளவயதிலிருந்து தின்னரும் வார்னிஷும் ஏறி ஏறி, அவர் மூக்கு இப்போது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் உதவியது. வீட்டில் மூக்கு இலாகா முழுக்க மனைவியுடையது. பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா, அவர் சட்டையை இன்னொரு நாள் போடலாமா கூடாதா, எல்லாம் அவள் முகர்ந்து சொல்ல வேண்டும். அவள் சொன்னால் அப்பீல் கிடையாது.

வாங்கிய புதிதில் அவளும் ஒன்றும் சொல்லவில்லைதான். முதல் வாரம் இறக்கத்தில் திரும்பும்போது சறுக்கி விழுந்து, முழங்கால் கிழிந்து நொண்டிக்கொண்டு வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று தயாராகத்தான் வந்தார். அவளோ வாயே திறக்காமல் காயத்தைக் கழுவினாள், மருந்து போட்டாள், கட்டுப் போடும்போது மட்டும் துணியை இரண்டு தடவை கீழே போட்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று படுத்துவிட்டார். மறுநாள் காலையில்தான் இந்த நாற்றப் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

தெருமுனை மெக்கானிக்கிடம் போனார்.

"ப்பூ, இவ்வளவுதானா! பெட்ரோல் குழாயை மூடிட்டு, எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்கண்ணே. உள்ள ஒரு சொட்டு இல்லேன்னா நாத்தம் ஏது?"

சாயந்திரம் மாடிப்படி அருகில் நிறுத்தி ஓடவிட்டார். எஞ்சின் நிற்கிற வழியாக இல்லை. புகைதான் படிப்படியாக ஏறி மேலே போனது. மாடி வீட்டு டீச்சர் இருமிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"ஏங்க, கொசு மருந்து அடிக்கிறதுன்னா முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? கதவையாவது மூடி வெச்சிருப்போம்ல!"

அவளிடம் அசடு வழிந்துவிட்டு வண்டியை உள்ளே தள்ளி வந்தால், மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். "முன்னாடியாவது பெட்ரோல் மட்டும் நாறிச்சு."

பட்டறையில் யாரோ சொன்னார்கள் என்று அடுத்த நாள் வண்டி முழுக்க பிளாஸ்டிக் தாள் சுற்றி, உள்ளே காபித்தூளைத் தூவி, நான்கு பக்கமும் அந்துருண்டை போட்டு வைத்தார். முன்னறையில் யாரையோ பொட்டலம் கட்டி நிறுத்தியதுபோல இருந்தது.

"என் காபித்தூளையா வண்டிக்குப் போட்டீங்க?"

"வாசனையை இழுத்துக்குமாம்."

"எங்க இழுத்துச்சு? பெட்ரோல் அப்படியேதான் இருக்கு. காலையில குடிக்கத்தான் தூள் இல்ல."

அன்று ராத்திரி டீச்சர் மறுபடி இறங்கி வந்தாள். பெட்ரோலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க வீட்டுச் சாப்பாடெல்லாம் அந்துருண்டை வாடை அடிக்குதுங்க, தயவுபண்ணி அதை எடுத்துடுங்க" என்றாள். எடுத்தார்.

பிறகுதான் அவருக்கு அந்த அருமையான யோசனை வந்தது. டேங்கையே கழற்றி மெக்கானிக் கடையில் விட்டுவிட்டால்? பெட்ரோல் வீட்டுக்குள் நுழைந்தால்தானே நாறும்! மனைவியிடம் சொல்லாமல், சாயந்திரம் டேங்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் எஞ்சினையும் துடைத்து, பழைய போர்வையைப் போர்த்தி நிறுத்தினார். ஒன்றும் தெரியாதவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உவ்வே! இன்னிக்கு ரொம்ப மோசம்."

"டேங்கே இல்லடி வண்டியில!"

அவள் வண்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "அப்ப சுவத்துல ஊறிப்போச்சு" என்றாள்.

அடேயப்பா, என்ன மூக்கு என்று வியந்துபோனார் பாலிஷ்காரர்.

காலையில் டேங்கை வாங்கப் போனால் மெக்கானிக் கடை திறக்கவில்லை. அவன் கண் விழிக்கிற நேரத்துக்கு இவர் இரண்டு பீரோவுக்கு வார்னிஷ் அடித்து முடித்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மிதித்தார். வெறும் சைக்கிளாக இருந்தாலாவது பரவாயில்லை. எஞ்சின் அவரை இழுத்துக்கொண்டு போக வேண்டியது போய், அவர் எஞ்சினை இழுத்துக்கொண்டு குன்று ஏறினார். பாதி வழியில் இறங்கி, ஒரு சுவரில் சாய்ந்து, "என் பொழப்பு இப்படியா ஆகணும்" என்று வாய்விட்டே சொன்னார். பட்டறையில் முதலாளி ரொம்ப மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தவர், சமையலறை வாசலில் புகை மண்டுவதைப் பார்த்து அலறி எழுந்தார். பால் தீய்ந்து பாத்திரம் கரியாகிக்கொண்டிருந்தது. மனைவி அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடுப்பைப் பாருடி!"

பதறியடித்துத் திரும்பி அணைத்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு, "இந்தப் பெட்ரோல் நாத்தத்துல பால் தீஞ்சது எங்க தெரியுது? ஒருநாள் வீடே பத்திக்கிட்டாலும் தெரியப்போறதில்ல!" என்றாள்.

பாலிஷ்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு அவரே உட்கார்ந்தார். தேய்க்கத் தேய்க்கக் கரி போகவில்லை, கையில் தெம்பும் இல்லை. போதும் சாமி என்று அங்கேயே முடிவு செய்தார். நல்ல மூக்கை வைத்துக்கொண்டு அவள் என்ன பாவம் செய்தாள்?

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"டேங்க் இங்கயே இருக்கட்டும், எஞ்சினையும் கழட்டி நீயே வெச்சுக்கப்பா."

"என்னண்ணே, ராஜா மாதிரி ஓடுது, அதைப் போயி…"

"நாறுதாம்."

மெக்கானிக் குனிந்து வண்டியை முன்னும் பின்னும் முகர்ந்தான். "ஒரு நாத்தமும் இல்லையேண்ணே!"

பாலிஷ்காரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். நாளெல்லாம் பெட்ரோலில் குளிக்கிறவன், இவன் மூக்கும் நம் மூக்கைப் போலத்தான். "உனக்குத் தெரியாதுப்பா. அவ மூக்கு வேற" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

வெறும் சைக்கிளோடு வீட்டுக்கு வந்தார். நாளையிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பஸ் வந்தால் வேலை, வராவிட்டால் முதலாளியின் மரியாதை. நினைக்கவே அலுப்பாக இருந்தது.

மனைவி எஞ்சின் இருந்த இடத்தைப் பார்த்தாள், அவர் முழங்காலைப் பார்த்தாள், பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டாள். கண் கலங்கியிருந்தது.

"இப்பதாங்க வீடு வீடா இருக்கு."

"சுவத்துல ஊறினது?"

"அதெல்லாம் சுத்தமா போயிடுச்சு. உக்காருங்க, காபி போடறேன். காலையில நானும் எழுந்து பஸ் வரைக்கும் வர்றேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்ததில் அவருக்கு மனசு லேசாகிவிட்டது. எஞ்சின் போனால் போகட்டும், அவள் நிம்மதியாக மூச்சு விடுகிறாளே, அது போதும். காபியைக் குடித்துவிட்டு, நாளைய நடைக்கு மூட்டுவலித் தைலம் வாங்கிவரலாமென்று பக்கத்து மருந்துக்கடைக்கு நொண்டி நொண்டிப் போனார்.

கடைக்காரப் பெண் தைலத்தை எடுத்து வைத்தாள். கூடவே உள்ளேயிருந்து ஒரு சின்ன சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டாள்.

"இதை அக்காகிட்ட குடுத்துடுங்கண்ணே. மழையில சளி புடிச்சதுலேருந்து மூக்குக்கு ஒரு வாசனையும் தெரியலன்னு சொல்லிட்டிருந்தாங்களே, இப்பவாவது ஏதாவது தெரியுதாமா?"