பத்தொன்பது பேர் போகாத காடு

தொண்ணூறுகளில் கோயமுத்தூரிலிருந்து காட்டுக்குப் போய் மிருகம் பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அவர் வனத்துறை அதிகாரி இல்லை. பீளமேட்டில் நான் வேலை பார்த்த பம்பு செட் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. கழுத்தில் எந்நேரமும் ஒரு பைனாகுலர் தொங்கியதால் பெயரும் பைனாகுலர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தப் பைனாகுலரில் இடது கண்ணாடி பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. வலது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டே, கேட்டுக்கு வெளியே திரும்பும் லாரியின் நம்பரைப் படித்துவிடுவார். லீவு கிடைத்தால் தனியாகக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். முதுமலை, பந்திப்பூர், பரம்பிக்குளம், தேக்கடி எல்லாம் அவருக்கு அத்துப்படி.

பரீட்சை லீவு நெருங்கினால் அவர் மேஜை முன்னால் கூட்டம் கூடும். எங்கே போனால் புலி தெரியும், எங்கே போனால் யானை வரும் என்று கேட்பார்கள். அவரோ மிருகத்தைப் பற்றி வாயே திறக்காமல், கல்யாணத் தரகர் மாதிரி குடும்பத்தை விசாரிப்பார். "ஊட்டுல ஆருக்குங்க சத்தமாத் தும்மல் வரும்?" "மாமியாரும் மருமகளும் பேசிக்கறாங்களுங்களா?" எல்லாம் கேட்டு, கண்ணை மூடி யோசித்து, கடைசியில் தீர்ப்புச் சொல்வார்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு வருஷம் புலிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பைனாகுலர் ஒரு நாள் அவர் வீட்டுக்கே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்கூட்டு அம்மணி சமையக்கட்டுல இருந்து 'ஆருங்க வந்திருக்கறது'ன்னு கேட்டது எனக்குத் தெருமுனையிலயே கேட்டுதுங்க. நீங்க பந்திப்பூர் போனா, புலி மைசூரைத் தாண்டிப் போயிருமுங்க. நம்மூரு மிருகக்காட்சி சாலைக்கே போயிட்டு வாங்க. அங்க அதுகளால ஓட முடியாதுங்க."

ஸ்டோர் கீப்பர் ஒரு மாசம் அவரோடு பேசவில்லை. ஆனால் போனது என்னவோ மிருகக்காட்சி சாலைக்குத்தான்.

என் கதை வேறு. கல்யாணமாகி நாலு வருஷம். சிங்காநல்லூரில் மூன்று அறை வீடு, பதினோரு பேர். பல்லடத்திலிருந்து வந்தபோது வாய் ஓயாமல் பேசிய என் மனைவி சாந்தி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒருக்காவாச்சும் நாம ரெண்டு பேரு மட்டும் எங்கியாச்சும் போலாமுங்க. காட்டுக்குப் போலாம். யானை வந்தாப் பாக்கலாம், வராட்டிப் போச்சாதுங்க."

நான் செய்த ஒரே தப்பு, அதை அம்மாவிடம் சொன்னது. எங்கள் பக்கம் ஒருவரிடம் சொன்னால் எல்லாரையும் கூப்பிட வேண்டும். விட்டுப்போனால் அடுத்த விசேஷத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அம்மா அத்தையிடம் சொல்லி, அத்தை பெரியப்பாவிடம் சொல்லி, மூன்றாம் நாள் வேன் பேசியாகிவிட்டது. எங்களைத் தவிர பத்தொன்பது பேர், இரண்டு ஸ்டவ். சாந்தி, இத்தனை பேருக்கு எவ்வளவு புளி ஊறப்போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பைனாகுலரிடம் போய் நின்றேன். நான் சொன்னது முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மணிக்கு எந்தக் காடுன்னாலும் செரிதானுங்க. அந்தப் பத்தொம்பது பேரு போகாத காடு எதுன்னுதான் பாக்கோணும். ஆடி மழைல ஆனமலை டாப்சிலிப்பு. நாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாரனுங்க."

வந்தார். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, மிகுந்த மரியாதையோடு ஆரம்பித்தார்.

"அட்டை கடிச்சா வலிக்கவே வலிக்காதுங்க. ரத்தம் நிக்கத்தான் கொஞ்ச நேரம் ஆகுமுங்க."

என் மச்சான் கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டான்.

"கக்கூசு கொஞ்சம் தள்ளி இருக்குமுங்க. வழியில கரடி நின்னா, நாமதான் ஒதுங்கிப் போகோணும்."

"எனக்கு மூட்டு வலி கண்ணு. நீங்க போயிட்டு வாங்க" என்றார் அத்தை. அவரைச் சாக்கிட்டு ஏழு பேர் கழன்றுகொண்டார்கள். டீக்கடை மழையில் திறக்காது என்றதும் இன்னும் எட்டுப் பேர்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. அவர் போனால் பெரியம்மாவும் போவார். பெரியம்மா போனால் என் அம்மாவும் போவார். "அட்டையும் கரடியும் எங்களை என்னப்பா பண்ணும்?" என்றார். சாந்தி கதவோரம் நின்றிருந்தாள்.

பைனாகுலர் குரலைத் தாழ்த்தினார். "உங்க தைரியம் ஆருக்குங்க வரும்? ஒண்ணே ஒண்ணுதானுங்க. காட்டுக்குள்ள பேசக் கூடாதுங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நாளுமுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பேசாம இருக்கறதுக்கு எதுக்கப்பா அவ்வளவு தூரம் போகோணும்?"

வேனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நானும் சாந்தியும் பொள்ளாச்சியில் பஸ் மாறிப் போனோம். இரண்டு நாளும் மழை. ஓய்வு விடுதி வராந்தாவில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தோம். சாந்தி பேசினாள். பள்ளிக்கூடக் கதை, பார்க்காமல் விட்ட சினிமா, என்மேல் இருந்த கோபங்கள் என்று நாலு வருஷப் பேச்சையும் பேசித் தீர்த்தாள். யானை வரவில்லை. மான்கூட வரவில்லை.

திங்கட்கிழமை அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"என்னங்க பாத்தீங்க?"

"ஒண்ணுமே பாக்கலைங்க. இவ வாயே மூடலைங்க."

பைனாகுலர் நாற்காலியில் சாய்ந்து, சத்தமில்லாமல் சிரித்தார். "அப்ப எடம் செரிதானுங்க" என்றார்.

அவர் எங்கள் சொந்தக்காரராகப் பிறக்கவில்லையே என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. பிறந்திருந்தால், அன்றைக்கு மற்றவர்களை விட்டுப்போன மாதிரி அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வந்திருக்காது.