யட்சியைக் கட்டிய கயிறு

1934ஆம் ஆண்டு ஏப்ரல் 27, வெள்ளிக்கிழமை. குழித்துறை ஆற்றங்கரையில் ராகேல் என்னும் பெண்ணின் இரண்டு விரல்கள் கறுத்துக்கொண்டிருந்தன. முந்நூறு பேர் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என் முறையீடு இதுதான்: அந்த முந்நூறு பேரில் ஒருவருக்கும் விரல்களில் இறுகியிருந்த கயிற்றை அறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

கயிற்றைக் கட்டியவர் நாராயணபெருமாள் ஆசான். மூட்டுவாதத்துக்கு அவரிடம் ஒரே மருந்துதான். வீங்கிய மூட்டுக்கு மேலே ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றுக்கு ஒரு சேவல் காணிக்கை. வீக்கத்தில் குடியிருக்கும் யட்சி, கயிற்றைத் தாண்டி ஏற முடியாமல் சிக்கிக்கொள்வாளாம். சிக்கியதற்கு அடையாளமாகக் கட்டுக்குக் கீழே கறுக்குமாம். நோயாளியின் கறுப்பே வைத்தியரின் வெற்றி என்றால், அந்த வைத்தியத்துக்குத் தோல்வி எங்கிருந்து வரும்?

மார்த்தாண்டத்திலிருந்து வில்வண்டிகள் வந்தன. கடியப்பட்டணத்திலிருந்து மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு பெண்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேயில்லை என்று சபையில் பாடியவர்கள், வெள்ளிக்கிழமை தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். சாதியும் மதமும் பாராத சமத்துவம் நம் நாட்டில் இல்லையென்று யார் சொன்னது? ஏமாறும் இடத்தில் அது குறைவின்றி இருந்தது. சேவல்களோ ஆசான் வீட்டுக் குழம்புச் சட்டியில் நேராக முக்தியடைந்தன.

ராகேல் லேஸ் பின்னிப் பிழைப்பவள். ஏழு ஆண்டுகளாக அவளுக்கு மூட்டுநோய். விடியற்காலையில் விரல்களை மடக்கவே ஒரு நாழிகையாகும். அண்மையில் நகக்கண்களில் கடுகளவு பழுப்புப் புள்ளிகள் தோன்றின. கணுக்காலுக்கு மேலே ஆறாத புண் ஒன்றும் வந்தது. புள்ளிகளைப் பார்த்த ஆசான், "யட்சிக்க பல்லு பட்ட எடம்" என்றார். புதன்கிழமை அவளுடைய வலக்கையின் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் கயிறு ஏறியது. நாளுக்கு மூன்று வேளை மஞ்சள் தண்ணீரில் நனைக்க வேண்டும். இருபத்தொரு நாள் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் யட்சி, ராகேலின் மகள் லீலாபாய்மேல் பாய்வாள். இவை ஆசானின் கட்டளைகள்.

கட்டியபோது கயிறு இவ்வளவு இறுக்கமாக இல்லை என்பது ராகேலுக்கு நன்றாக நினைவிருந்தது. நனைக்க நனைக்க இறுகியது. வியாழன் இரவு விரல்கள் எரிந்தன. வெள்ளி காலை எரிச்சல் நின்றுவிட்டது. எரிச்சல் நின்றதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இஞ்ச பாருங்க, இத அறுத்து விடுங்க. வெரலு எனக்கதில்லாத்த மாதிரி இருக்கு" என்று கணவன் ஆபேலிடம் கெஞ்சினாள்.

"சும்ம இரிட்டி. பிள்ளைக்கு என்னமாம் வந்தா நீயா பொறுப்பு?"

ஆபேல் கெட்டவன் அல்லன். பயந்தவன். ஆசானின் தொழிலுக்குக் கெட்டவர்களைவிடப் பயந்தவர்களே பயன்பட்டார்கள்.

ஆபேல் ஆற்றங்கரைக்கு அழைத்துவந்த ராகேலின் கையை உயர்த்திக் கூட்டத்துக்குக் காட்டினார் ஆசான். "பாத்தியளா மக்களே! யட்சி சிக்கிட்டா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. ராகேலின் மனத்தில் வேறொன்று ஓடியது. பின்னும்போது நூல் விரலில் சுற்றிக்கொண்டால் நுனி நீலம் பாரிக்கும். நூலை எடுத்தால் சிவக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இதை விளையாட்டாகச் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாருக்குமா யட்சி பிடித்திருக்கிறது?

"ஆசானே, ஒண்ணு கேக்கட்டா? யட்சி இல்லாத்த வெரலுல கெட்டினா கறுக்குமா?"

"எப்பிடிட்டி கறுக்கும்? நூறு வருசம் கெட்டினாலும் கறுக்காது!" என்று முழங்கினார் ஆசான்.

"அப்பம் ஓம்ம வெரலுல கெட்டிக் காட்டும்."

முழங்கால் வலிக்காக வரிசையில் நின்ற தேங்காய்ப்பட்டணத்துக் கயிற்று வியாபாரி சேக் மைதீன் சிரித்துவிட்டார்.

"நியாயந்தானே வேய்! ஓம்ம மேல யட்சி அண்டாதுல்லா. பின்ன என்னத்துக்குப் பயம்?"

"நான் விரதத்துல இருக்கேன்."

"விரதம் வாய்க்குத்தானே, வெரலுக்கா?"

கூட்டத்துக்கு வேடிக்கை வேண்டும். யாருடைய செலவில் என்பது அதற்குப் பொருட்டன்று. "கெட்டும் ஆசானே, கெட்டும்!" என்றது. வேறு வழியின்றி ஆசான் தம் விரலில் கயிற்றைத் தொளதொளவென்று சுற்றினார்.

"அப்பிடியில்ல. எனக்க கையில இருக்கப்பட்ட இறுக்கம்" என்றாள் ராகேல்.

"தள்ளும், நான் கெட்டுதேன். முப்பது வருசம் கயிறு வித்தவன் நான். நனைஞ்ச கயிறு இறுகும்னு தெரியாத்தவனா?" என்று சேக் மைதீன் முன்னே வந்தார். முடிச்சைப் போட்டு, விரலை மஞ்சள் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். வெற்றிலை ஒன்றை மடித்து வாயிலிட்டார்.

வெற்றிலை மென்று முடியவில்லை. ஆசானின் விரல் சிவந்தது, நாவல்பழ நிறமாயிற்று, பிறகு நீலம் பாய்ந்தது.

"அவுத்து விடும்வேய்! உயிரு போவுது!"

"இருபத்தோரு நாளுல்லா கணக்கு?" என்றார் சேக் மைதீன்.

அப்போதும் பின்வரிசையில் பூங்கனி என்பவள், "ஐயோ, யட்சி ஆசானுக்க மேல பாஞ்சிட்டாளே! இனி ஆசானுக்கு ஆரு கயிறு கெட்டுவா?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மூடநம்பிக்கையின் உயிர் அவ்வளவு கெட்டி.

கயிற்றை அவிழ்த்ததும் ஆசானின் விரல் மெல்லச் சிவந்தது. ராகேல் கணவனைப் பார்த்தாள். "கண்டியளா? அவுத்ததும் ஓடிப்போற யட்சி." ஆபேல் சேக் மைதீனின் கத்தியை வாங்கி, மனைவியின் கையிலிருந்த கயிறுகளை அறுத்தான். நடுவிரல் மெதுவாக நிறம் மாறியது. மோதிரவிரலின் நுனி மாறவில்லை.

அன்று மாலையே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மருத்துவர் புள்ளிகளையும் புண்ணையும் நெடுநேரம் பார்த்தார்.

"இந்த நோய் சிலபேருக்கு மூட்டோட நிக்காதும்மா. இரத்தக்குழாயையும் தாக்கும். குழாய்க்க சுவரு வீங்கினா வழி சுருங்கும். இரத்தம் நுனிக்கு எட்டாது. அதனாலதான் இந்தப் புள்ளி, இந்தப் புண்ணு. எட்டின கொஞ்சத்தையும் நீங்க கயிறு போட்டுத் தடுத்திட்டிய."

"முழுக்க மாறுமா டாக்டரே?"

"மாத்த எனக்குத் தெரியாது. புண்ண சுத்தமா வச்சு ஆத்தப் பாப்போம். கையக் குளிராம வைக்கணும். வலிக்கு மருந்து தாறேன். புதுசா ஒரு புள்ளி வந்தா ஒடனே வரணும்."

தெரியாது! ஏழாண்டுகளில் ராகேலுக்கு வைத்தியம் செய்த ஒருவர் வாயிலிருந்தும் வராத சொல் அது. அதைக் கேட்ட பின்னரே அவள் அவரை நம்பினாள்.

மோதிரவிரலின் நுனி போயிற்று. மற்ற விரல்கள் பிழைத்தன. அவற்றைக்கொண்டு மீண்டும் மெல்லப் பின்னக் கற்றாள். ஆசான் ஊர் மாறினார். இப்போது சிவப்புக் கயிறு கட்டுகிறாராம். அங்கேயும் முந்நூறு பேர்.

வாசகரே, உம் வீட்டில் வீங்கிய விரலிலோ கணுக்காலிலோ இறுகிய கயிறு எதுவும் இருக்கிறதா? யார் கட்டினார், எந்தத் தெய்வத்தின் பெயரால் கட்டினார் என்று விசாரித்துக்கொண்டிராதீர். எழுந்து போய்க் கத்தியை எடுத்து அதை அறுத்துவிடும். விரல் கறுத்திருந்தால் நோயாளியை இன்றே மருத்துவரிடம் கூட்டிச்செல்லும். அறுக்க அச்சமாயிருந்தால், அதே கயிற்றை அதே இறுக்கத்தில் உம் விரலில் ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் கட்டிப் பாரும், பிறகு யோசியும்.