வற்ற வேண்டிய நேரத்தில் ஏறிய கடல்

ஹூட் கனால் கரை,
ஜனவரி பதினொன்று.

அன்புள்ள தம்பி ஆர்விட்டுக்கு, அண்ணன் ஹால்வர் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டு டாக்னி எழுதுவது. நான் சுகம், முழங்கால் சுகமில்லை. உன் ஆப்பிள் மரங்களும் உன் மனைவியும் நலமாக இருக்கவேண்டும், இதே வரிசையில் இல்லாவிட்டாலும்.

"அண்ணே, என்னிக்குக் கடல் ஏறுற நேரமும் வத்துற நேரமும் மறக்குதோ, அன்னிக்குத் தூண்டிலைச் சுவத்துல மாட்டிட்டு யாக்கிமாவுக்கு என் வீட்டோட வந்துடணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அந்த நாள் வந்துவிட்டதுபோலத் தெரிகிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாததால் டாக்னி தினமும் காலையில் கடல் ஏறி வற்றும் நேரம் போட்ட புத்தகத்தைப் பார்த்து வாசிப்பாள், நான் மண்டையில் போட்டுக்கொள்வேன், இருபது வருஷமாகப் பிசகியதில்லை. புத்தாண்டுக்கு மறுநாள் "பத்து மணிக்கு நிறைஞ்சு நிக்கும்" என்றாள், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். போனால் ஒரே சேறு. ஒரு பூட்ஸை அதிலேயே விட்டுவிட்டுச் சிப்பி ஓட்டின்மேல் நொண்டிக்கொண்டு வந்தேன். இப்போது அந்தப் பூட்ஸ்மேல் ஒரு கடற்காகம் குடியிருக்கிறது.

நேற்று "பத்துக்கு வத்திடும்" என்றாள். ஒன்பதுக்கே ஓடைமுகத்துச் சரளைத் திட்டில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது, வற்றும் என்று நின்றேன், இடுப்புக்கு வந்தது, கடல் தப்பு செய்கிறது, தானே திருந்தும் என்று பாறைமேல் ஏறினேன். அந்நேரம் பார்த்துத் தாடைக்கடியில் சிவப்புக் கீறலோடு ஒரு கட்த்ரோட் மீன் என் தூண்டிலில் கட்டிய இறகு ஈயைக் கவ்வியது. சட்டப்படி திரும்ப விடவேண்டிய மீனாயிற்றே, விடக் குனிந்தேன்; மீன் கடலுக்குள் போனது, கடல் என் ரப்பர் கால்சட்டைக்குள் வந்தது. சிப்பிப் படகுக்கார ரஸ் வந்தான்.

"என்ன பெருசு, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?"

"வத்தட்டும்னு நிக்கிறேன்டா."

"இது இப்பத்தான் ஏறுது. படகுல ஏறுங்க, இல்லேன்னா மீனு உங்களைப் பிடிச்சுட்டு விட்டுடும்."

குழப்பம் என்னவென்றால், எழுபத்தொன்றாம் வருஷம் செப்டம்பரில் நீ நழுவவிட்ட மீனுக்கு இடது செவுளுக்குப் பின்னால் ஏழு புள்ளி. அப்போது நீ சொன்ன வார்த்தையும் நினைவிருக்கிறது, டாக்னி எழுதமாட்டேன் என்கிறாள். காலையில் கேட்ட நேரம் மட்டும் தலைகீழாகிறது. "நேத்து என்ன வாசிச்சே?" என்று இவளைக் கேட்டேன். "எனக்கெங்க ஞாபகம்? வாசிக்கிறது என் வேலை, ஞாபகம் வச்சுக்கிறது உங்க வேலை" என்கிறாள். மறுபடி வாசிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சத்தியம் சத்தியம்தான். சனிக்கிழமை உன் வண்டியோடு வா. தூண்டில் ஈப்பெட்டியை ரஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். உன் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் இல்லை, அதையும் பழகிக்கொள்கிறேன். உன் தோட்டத்தில் பனி விழாமல், பூச்சி ஏறாமல், கிளை ஒடியக் காய்க்கட்டும்.

கையெழுத்துக்குப் பதில் ஒரு மீன் போட்டிருக்கிறேன்,
ஹால்வர்.

பின்குறிப்பு: ஆர்விட், இது டாக்னி. தபால்தலை தேடி ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டேன். கடைப் பையிலிருந்து எடுக்காமலே இந்த வருஷத்து நேரப் புத்தகம் இருக்கிறது. புத்தாண்டிலிருந்து நான் வாசித்ததெல்லாம் போன வருஷத்துது. இரண்டின் அட்டையிலும் அதே மீன்தான். புதுசைப் பார்த்தால் நேற்று பத்து மணிக்குக் கடல் ஏறியே ஆகவேண்டும். அவர் தலைக்கு ஒன்றுமில்லை. வண்டி எடுக்கவேண்டாம்; ஈப்பெட்டியைத் திரும்ப வாங்க ரஸ் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். வந்ததும் அவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இதையும் சாகும்வரை மறக்கமாட்டார்.