அந்தரத்தில் நின்ற கால்

நாம் பார்க்கும் வேலை என்னவென்று வீட்டாருக்குப் புரியாதவரைதான் நிம்மதி. என் வேலை நைனாவுக்குப் புரிந்துவிட்டது. செல்போனில் நேரடி ஒளிபரப்பைத் தொட்டால் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றிக் காக்க வைக்குமே, அந்தக் காத்திருப்பைக் குறைப்பதுதான் என் பிழைப்பு. "அந்த வட்டத்த ஒழிக்கத்தான் எம்பொண்ணுக்கு சம்பளம்" என்று வியாசர்பாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

என் தங்கை செல்வி ஆடிய கால்பந்து இறுதிப் போட்டியை எங்கள் நிறுவனமே ஒளிபரப்பியது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவளுடைய முதல் போட்டி.

படம் ஓடுவதற்கு முன் கொஞ்சம் காட்சி கையிருப்பாகச் சேர வேண்டும். அந்தக் கையிருப்பைக் குறைத்தால் படம் சீக்கிரம் வரும்; குடத்தில் பிடிக்காமல் குழாயிலேயே வாய் வைத்துக் குடிப்பதுபோல. முந்தின நாள் நான் அதைத் தாராளமாகக் குறைத்திருந்தேன். (தங்கச்சி மேட்ச் ஆச்சே!)

டிவியில் போட்டதும் படம் வந்துவிட்டது. வீடு நிறைய உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆட்டம் முடியும் நேரம் பெனால்டி. செல்வி ஓடி வந்தாள். ஆபரேஷன் செய்த வலது காலைத் தூக்கினாள். அப்படியே நின்றாள். வட்டம் சுற்றியது.

பெனால்டி என்றதும் ஊரே ஒரே சமயத்தில் பார்க்க வந்துவிட்டது. குழாய் நின்றது. குடமோ காலி.

"இன்னாடி, சுத்திகினே கீது?" என்றார் நைனா.

"கால கீழ வெக்கச் சொல்லுடி! முட்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

மேனேஜர் போனில் அலறினார்: "எல்லாருக்கும் நின்னுபோச்சு! நேத்து மாத்தினதைத் திருப்பு!"

லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு தப்பாகவே விழுந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். திரையில் தங்கையின் கால் இன்னும் இறங்காத பயம் மறுபக்கம்.

எப்படியோ பழையபடி மாற்றினேன். படம் வந்தது. செல்வி தரையில் குப்புறக் கிடந்தாள். அவள்மேல் மொத்த அணியும்.

"ஐயோ, முட்டி போச்சே!" என்று அம்மா வீறிட்டாள். ஸ்கோர் தெரியும் மூலையைப் பக்கத்து வீட்டு அக்காவின் கொண்டை மறைத்தது. பிறகு செல்வி எழுந்தாள், சிரித்துக்கொண்டே ஓடினாள்.

சற்று நேரத்தில் அவளே போன் செய்தாள். "நைனா, கோல் பாத்தியா?"

வீடே என்னைப் பார்த்தது.

"கால் பாத்தோம்மா" என்றார் நைனா.

திட்டோடு என் வேலை தப்பியது. ஆனால் என் கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது செல்வி வலது காலைத் தூக்கி அப்படியே நின்றாள். அம்மா தூக்கினாள். பட்டு வேட்டியோடு நைனாவும் தூக்கினார். காலை எப்போது இறக்குவார்கள் என்று போட்டோகிராபர் மட்டும் காத்துக்கொண்டிருந்தார்.